பழைய ரேசரின் வயது: முத்திரையும் உலோகமும் சொல்லும் காலக்கணக்கு

கூர்விளிம்பின் மிகச் சிறு பகுதி மட்டுமே தோலைத் தொடும்படி விட்டு, எஞ்சியதைப் பல்வரிசையாலோ உருட்டிய தண்டாலோ மறைத்துக் காக்கும் சவரக் கருவியே சேஃப்டி ரேசர் எனப்படுகிறது. நாவிதர் தோல்வாரில் தீட்டிக் கையாண்ட மடக்குக்கத்தி நெடுநாள் பழகிய கையை வேண்டி நின்றது. சேஃப்டி ரேசரோ பழக்கமில்லாதவரும் தம் முகத்தைத் தாமே மழித்துக்கொள்ள வழிசெய்தது. 20ஆம் நூற்றாண்டில் கோடிக்கணக்கில் செய்யப்பட்ட இக்கருவிகள் பெரும்பாலும் பித்தளையால் ஆனவை என்பதால் எளிதில் அழியாமல், பெட்டிகளின் அடியிலும் பரண்களிலும் பழம்பொருள் கடைகளிலும் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அன்றாடம் புழங்கிய பொருளுக்கு எவரும் பிறப்புக்குறிப்பு எழுதி வைப்பதில்லை. ஆகவே அதன் வயதை அந்தப் பொருளிடமிருந்தேதான் படித்தறிய வேண்டியிருக்கிறது.

அவ்வாறு படிக்கும் முறை, கல்வெட்டாய்வாளர் காலம் கணிக்கும் முறையைப் பெரிதும் ஒத்தது. அரசனின் ஆட்சியாண்டு பொறிக்கப்பட்ட கல்வெட்டில் வேலை எளிது. அது சிதைந்துபோன இடத்தில் எழுத்தின் வடிவம், வழங்கும் சொற்கள், குறிக்கப்படும் நாணயம் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காலத்தைக் குறுக்கிக்கொண்டே வர வேண்டும். ரேசரிலும் ஆண்டைக் குறிக்கும் முத்திரை சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை; இருக்கும் முத்திரையும் சில வேளைகளில் தவறான பொருளைத் தரும். எனவே ஒவ்வொரு தடயமும் ஆண்டைச் சொல்வதாகக் கொள்ளாமல், ஓர் எல்லையைச் சொல்வதாகக் கொள்வதே முறையான தொடக்கம். 'இந்த ஆண்டுக்கு முன் இது இருந்திருக்க முடியாது' என்பது தொடக்க எல்லை. 'இந்த ஆண்டுக்குப் பின் இவ்வகை செய்யப்படவில்லை' என்பது முடிவெல்லை. இரண்டுக்கும் இடைப்பட்ட காலமே அப்பொருளின் வயதுக்கான விடை.

குடும்பம் அறிதல்

காலத்தைக் கணிக்கும் முன் கருவி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை அறிய வேண்டும். அதற்கு உதவுவது அதில் பொருத்தப்படும் பிளேடின் வகை.

காப்புடைய சவரக்கத்தி என்னும் எண்ணம், எறிந்துவிடும் பிளேடைப் பின்னர் படைத்த ஜில்லெட்டுக்கு மிகவும் முற்பட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டுக் கத்திக் கொல்லர் ழான்-ழாக் பெரே, மடக்குக்கத்தியின் ஓரத்தில் மரக்காப்பு ஒன்றைப் பொருத்தினார். 1847இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹென்சன், கைப்பிடிக்குக் குறுக்காகப் பிளேடு அமைந்த வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். மண்வெட்டியில் காம்புக்கும் இலைக்கும் உள்ள நிலையே அதில் கைப்பிடிக்கும் பிளேடுக்கும் இருந்தது. இன்றைய ரேசர்களின் தோற்றம் அங்கிருந்து வருகிறது. 1880இல் நியூயார்க்கின் காம்ஃபெ சகோதரர்கள் காப்புரிமை பெற்று 'ஸ்டார்' என்ற பெயரில் விற்ற ரேசர், இவ்வகையில் பரவலாக விலைபோன முதற்கருவிகளுள் ஒன்று. அதன் தலைப்பகுதி, வழித்தெடுத்த நுரையைத் தாங்கிக்கொள்ளும் சிறு தகரப் பேழையாக அமைந்திருக்கும். அதில் செருகப்படும் பிளேடு மெல்லிய தகடன்று. முதுகு தடித்து விளிம்பு கூர்ந்த ஆப்பு வடிவ எஃகுத் துண்டு. அதை எறிவதில்லை, தோல்வாரில் தீட்டித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவர். ஆகவே நுரைப்பேழையும் ஆப்பு வடிவ பிளேடும் உள்ள ரேசர், எறிந்துவிடும் பிளேடுகள் பரவுவதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தது எனலாம்.

அடுத்த குடும்பம் ஒற்றை விளிம்பு ரேசர்கள். ஒரு பக்கம் மட்டும் கூராகவும் மறுபக்கம் மடித்த முதுகாகவும் உள்ள சற்றே தடித்த பிளேடு இவற்றுக்கு உரியது. 'ஜெம்', 'எவர்-ரெடி' என்பவை இதில் புகழ்பெற்ற பெயர்கள். மூன்றாவது குடும்பம், பிளேடை வெளியே எடுக்காமல் ரேசரின் தலைவழியே தோல்வாரைச் செலுத்தித் தீட்டிக்கொள்ளும் 'வேலட் ஆட்டோஸ்ட்ராப்' வகை. நான்காவது, ஜேக்கப் ஷிக் என்ற அமெரிக்கப் படை அதிகாரியின் பெயர் தாங்கிய வகை. பிளேடுகள் அடுக்கிய சிறு உறையிலிருந்து புதிய பிளேடைத் தள்ளிச் செருகும் இந்த 'இன்ஜெக்டர்' அமைப்பு 1935இல் வந்தது. ஷிக் ரேசரில் 'எவர்ஷார்ப்' என்ற பெயரும் சேர்ந்து காணப்பட்டால், எவர்ஷார்ப் நிறுவனம் ஷிக் ரேசர் தொழிலை வாங்கிய 1946க்கு முன் அந்தக் கருவி செய்யப்பட்டிருக்க முடியாது. ஐந்தாவதும் மிகப் பெரியதுமான குடும்பம், இருபுறமும் கூர்மையுள்ள மெல்லிய பிளேடைக் கொண்ட இரட்டை விளிம்பு ரேசர். தமிழ்நாட்டில் 'பிளேடு' என்றாலே மனத்தில் தோன்றுவது இந்த வகைதான். காலக்கணக்குக்கான தடயங்கள் மிகுதியாக உள்ளதும் இதில்தான்.

ஜில்லெட்டும் 1904 என்ற மயக்கமும்

கிங் கேம்ப் ஜில்லெட் புட்டி மூடிகள் செய்யும் நிறுவனமொன்றின் விற்பனையாளராக இருந்தவர். ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடும் மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர் அந்நிறுவனத்தின் நிறுவனர். மக்கள் திரும்பத் திரும்ப வாங்கும் பொருளொன்றைப் படைக்கும்படி அவர் ஜில்லெட்டுக்கு அறிவுரை கூறினார். தீட்ட வேண்டாத, மழுங்கினால் எறிந்துவிடும் மெல்லிய பிளேடு என்ற எண்ணம் ஜில்லெட்டுக்கு 1895இல் தோன்றியது. எண்ணம் எளிது, செய்கை கடினம். தாள் போன்ற எஃகுத் தகட்டை வளையாமலும் நெளியாமலும் கடினப்படுத்துவது அன்றைய உலோகவியலார் பலர் கைவிட்ட சிக்கலாக இருந்தது. வில்லியம் எமரி நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைத் தீர்த்துவைத்தார். 1901இல் பாஸ்டனில் நிறுவனம் தொடங்கப்பட்டு, மறு ஆண்டில் அதற்கு ஜில்லெட்டின் பெயர் சூட்டப்பட்டது. விற்பனை தொடங்கிய 1903இல் விலைபோனவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அடுத்த ஆண்டில் ரேசர்களின் எண்ணிக்கை 90,000ஐக் கடந்தது.

ஜில்லெட்டின் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்ட நாள் 1904 நவம்பர் 15. பழைய ரேசரைக் கையில் எடுப்பவர் முதலில் வழுக்கி விழும் இடம் இதுவே. அந்த நாள் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ரேசர்களிலும் பெட்டிகளிலும் பொறிக்கப்பட்டு வந்ததால், '1904' என்ற எண்ணைக் கண்டவுடன் கருவி அந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று முடிவுகட்டி விடுகின்றனர். காப்புரிமை நாள் என்பது உரிமை பிறந்த நாளேயன்றிப் பொருள் பிறந்த நாளன்று. அது தொடக்க எல்லையை மட்டுமே தரும். 1904 என்று பொறித்த ரேசர் 1905இலும் பிறந்திருக்கலாம், 1919இலும் பிறந்திருக்கலாம். கோயிலைக் கட்டிய ஆண்டு தெரிந்ததால் அதன் கோபுரத்தில் உள்ள ஒவ்வொரு சுதைச் சிற்பமும் அதே ஆண்டைச் சேர்ந்தது என்று கொள்ள முடியாது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

காப்புரிமைக் குறிப்பின் வடிவமே வேறொரு வகையில் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1927க்கு முன் காப்புரிமை நாளைப் பொறிப்பது வழக்கம். அவ்வாண்டின் சட்டத்துக்குப் பின் காப்புரிமை எண்ணைப் பொறிக்கும் முறை வந்தது. பிரிட்டனில் 1915 வரை காப்புரிமை எண்கள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்கின. 1916 முதல் 100001இல் தொடங்கித் தொடர்ச்சியாக எண்ணப்பட்டன. ஆகவே எண்ணோடு ஆண்டும் சேர்த்து எழுதிய பிரிட்டிஷ் காப்புரிமைக் குறிப்பு பழைய முறையையும், ஆறு இலக்கத் தொடரெண் புதிய முறையையும் காட்டும். ஜெர்மானிய ரேசர்களில் டி.ஆர்.பி. என்ற எழுத்துகள் 1877இல் தோன்றிய பேரரசுக் காப்புரிமையையும், டி.ஆர்.ஜி.எம். என்பவை 1891இல் தோன்றிய சிறு வடிவமைப்புப் பதிவையும் குறிக்கும்.

தொடரெண்களும் வளையக் கோடுகளும்

ஜில்லெட் நிறுவனம் தன் தொடக்க கால ரேசர்களில் தொடரெண் பொறித்தது. தலையின் உட்புறத்திலோ கைப்பிடியின் மேற்கழுத்திலோ இவ்வெண் காணப்படும். முதலில் வெறும் இலக்கங்களாக இருந்தது, எண்ணிக்கை பெருகியபின் ஓர் எழுத்தை முன்னே கொண்டதாக மாறியது. எழுத்தில்லாத எண் எழுத்துள்ள எண்ணைக் காட்டிலும் முற்பட்டது என்பது இதனால் பெறப்படும். ஆண்டுதோறும் எத்தனை ரேசர்கள் செய்யப்பட்டன என்ற கணக்கோடு ஒப்பிட்டு, இவ்வெண்களைக் கொண்டு சேகரிப்பாளர்கள் ஆண்டை ஏறக்குறைய நெருங்கிவிடுகின்றனர்.

எண் தேய்ந்துபோன கருவியில் கைப்பிடி பேசும். மிகத் தொடக்க ஆண்டுகளின் ஜில்லெட் கைப்பிடியைச் சுற்றி இரண்டு வளையக் கோடுகள் இருந்தன. சில ஆண்டுகளில் அது ஒற்றைக் கோடாயிற்று. ஒரு கோடு கூடியிருப்பதும் குறைந்திருப்பதும் அழகுக்கான வேறுபாடாகத் தோன்றினாலும், காலம் கணிப்பவருக்கு அது கல்வெட்டில் ஓர் எழுத்தின் சுழி மாறியதைப் போன்ற சான்று.

முதல் உலகப் போர் இக்கருவியை உலகெங்கும் கொண்டுசென்றது. 1918இல் அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 இலட்சம் ரேசர்களையும் 3 கோடிக்கும் மேற்பட்ட பிளேடுகளையும் வாங்கியது. அதுவரை வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நாவிதரிடம் சென்ற இளைஞர் பலர், நாள்தோறும் தாமே மழித்துக்கொள்ளும் பழக்கத்தோடு ஊர் திரும்பினர். படையினருக்கான பெட்டிகளும் முத்திரைகளும் தனித்தன்மை உடையவை என்பதால், அவை கிடைத்தால் காலம் ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

1921 நவம்பரில் ஜில்லெட்டின் அடிப்படைக் காப்புரிமை முடிவுக்கு வந்தது. அதற்கு முன்கூட்டியே, அவ்வாண்டிலேயே, நிறுவனம் மேம்படுத்திய புதிய வடிவம் ஒன்றை உயர்ந்த விலையில் வெளியிட்டு, பழைய வடிவத்தை ஒரு டாலருக்கு விற்கத் தொடங்கியது. தொடக்கத்தில் ஐந்து டாலர் விலையுள்ள ஆடம்பரப் பொருளாக இருந்தது எளியவருக்கும் எட்டியது அப்போதுதான். இதே ஆண்டுகளில் பிற நிறுவனங்களும் ஜில்லெட் பிளேடு பொருந்தும் ரேசர்களைத் தடையின்றிச் செய்ய முடிந்தது. ஆகவே மூன்று துளை பிளேடைத் தாங்கும், பெயர் தெரியாத ரேசர்களில் பல 1921க்குப் பிற்பட்டவையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி.

மூன்று துளையும் நீண்ட பிளவும்

இரட்டை விளிம்பு ரேசரின் வரலாற்றைக் குறுக்கே வெட்டும் தெளிவான கோடு 1930. அதற்கு முன் ஜில்லெட் பிளேடில் நடுவே மூன்று வட்டத் துளைகள் இருந்தன. ரேசரின் மேல்தட்டில் இருந்து கீழ்நோக்கி நீளும் இரண்டு முளைகளும் நடுத் திருகாணியும் அத்துளைகளில் அமர்ந்தன. 1920களின் இறுதியில், ஆட்டோஸ்ட்ராப் நிறுவனத்தைச் சேர்ந்த ஹென்றி கைஸ்மன், 'ப்ரோபாக்' என்ற பெயரில் வேறு வடிவத் துளையுள்ள பிளேடைப் படைத்தார். 1930இல் ஜில்லெட் வெளியிட்ட புதிய பிளேடு தம் காப்புரிமையை மீறுவதாக அவர் வழக்குத் தொடுத்தார். அந்தப் பிணக்கு இரு நிறுவனங்களும் அவ்வாண்டிலேயே இணைந்ததில் முடிந்தது. அதிலிருந்து பிறந்தது நடுவே நீண்ட பிளவும் மூலைகளில் வெட்டும் உள்ள வடிவம். இன்று கடையில் வாங்கும் இரட்டை விளிம்பு பிளேடு ஒவ்வொன்றும் அதன் வழித்தோன்றல்.

மூலைகளை வெட்டியதற்குக் காரணம் இருந்தது. கீழே விழுந்த ரேசரின் மேல்தட்டு மூலையில் வளைந்தால், அந்த வளைவு பிளேடின் மூலையை அழுத்தித் தோலைக் கீறும்படி செய்தது. மூலையையே நீக்கிவிட்ட பிளேடில் இத்தீங்கு இல்லை. இந்த அறிவு காலக்கணக்கில் இவ்வாறு பயன்படுகிறது: அடித்தட்டில் நீண்ட மேடு உள்ள ரேசர், பிளவுள்ள பிளேடுக்காகவே வடிக்கப்பட்டது, அது 1930க்கு முற்பட்டதன்று. மூன்று துளை பிளேடு மட்டுமே பொருந்தும் பழைய உறைகளும் பெட்டிகளும் அதற்கு முந்திய காலத்தைக் காட்டும். ஆனால் பழைய முளை ரேசரில் புதிய பிளேடு பொருந்தும்படியே அப்பிளவு அமைக்கப்பட்டது. எனவே ஒரு ரேசரில் செருகிக் கிடைக்கும் பிளேடைக் கொண்டு ரேசரின் வயதைத் தீர்மானிக்கக் கூடாது. ரேசர் தாத்தாவுடையதாகவும் பிளேடு பேரனுடையதாகவும் இருக்கலாம்.

தலையின் வடிவ மாற்றங்கள்

தொடக்க காலத் தலைகள் சீப்பைப் போன்ற திறந்த பற்களைக் கொண்டவை. அடர்ந்த நுரையும் நாட்பட்ட தாடியும் இடையே வழிந்து செல்ல அப்பற்கள் உதவின. நாள்தோறும் மழிக்கும் பழக்கம் வேரூன்றியபின், பற்களுக்கு மாற்றாக வரிகள் பள்ளமிட்ட உருண்டைத் தண்டு 1930களில் பரவியது.

பிரித்துப் பூட்டும் முறையும் மாறிவந்தது. மேல்தட்டு, அடித்தட்டு, கைப்பிடி என மூன்றாகப் பிரியும் வகையே முதலில் தோன்றியது. 1934இல் ஜில்லெட்டின் 'அரிஸ்டோக்ரட்' வந்தது. கைப்பிடியின் அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலையின் மேல் இரண்டு கதவுகள் சன்னலைப் போல விரிந்து திறக்கும். இவ்வாறு கதவுடைய ஜில்லெட் ரேசர் எதுவும் 1934க்கு முற்பட்டதன்று. 1930களின் இறுதியில் வந்த 'டெக்' மூன்றாகப் பிரியும் எளிய வகை. உறுதியும் மலிவும் காரணமாகப் பல நாடுகளில் பல பத்தாண்டுகள் அது செய்யப்பட்டது. 1947இல் வந்த 'சூப்பர் ஸ்பீட்', உறையில் சுற்றாத பிளேடுகளை அடுக்கிய சிறு பேழையிலிருந்து பிளேடை நேரே தள்ளி ஏற்றிக்கொள்ளும்படி, நடுத்தண்டின் முனையில் சிறு வெட்டுகளைக் கொண்டிருந்தது. கதவுகளைத் திறந்து அந்த வெட்டுகள் உள்ளனவா என்று பார்ப்பது போருக்கு முந்தியதையும் பிந்தியதையும் பிரித்தறியும் எளிய வழி.

1955இல் தாடியின் தன்மைக்கு ஏற்ப மூன்று வகை சூப்பர் ஸ்பீட் ரேசர்கள் வந்தன; மென்மையான தாடிக்கான வகையின் குமிழ் நீலமாகவும் முரட்டுத் தாடிக்கான வகையின் குமிழ் சிவப்பாகவும் இருந்தன. இந்த வேறுபாட்டை ஒரே கருவியில் அடக்கியது, பிளேடு வெளித்தெரியும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி. கழுத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள் பொறித்த வளையத்துடன் 1958 முதல் 1961 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட தடித்த கைப்பிடி ரேசர், அதன் 1.95 டாலர் விலையால் '195' எனப்பட்டது. சேகரிப்பாளர்கள் அதைத் 'ஃபேட்பாய்' என்று செல்லமாக அழைக்கின்றனர். அதையடுத்து வந்த மெலிந்த வகை 1960களின் இறுதிவரை நீடித்தது. 1971இல் இரண்டு பிளேடுகளை ஒரே பொதியில் அடைத்த 'ட்ராக் 2' வந்தபின், இரட்டை விளிம்பு ரேசரின் பொற்காலம் மெல்ல ஓய்ந்தது.

எழுத்தும் எண்ணும்: சுழன்று வரும் ஆண்டுகள்

1950ஆம் ஆண்டின் இறுதிமுதல் அமெரிக்க ஜில்லெட் ரேசர்கள் பலவற்றின் தலைக்கு அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டன. எழுத்து ஆண்டையும், ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண் அந்த ஆண்டின் காலாண்டையும் குறிக்கும். ஆங்கில எழுத்துவரிசையில் டபிள்யூ 1951ஐயும், அடுத்தடுத்த எக்ஸ், ஒய், இசட் என்பவை 1952, 1953, 1954ஐயும் குறிக்க, 1955இல் மீண்டும் ஏ-யிலிருந்து வரிசை தொடங்கியது. எஃப் என்றால் 1960. பி என்றால் 1956. வட்டவடிவமான ஓ 1969. கியூ மட்டும் விடுபட்டு, ஆர் 1971 ஆயிற்று. இவ்வாறு 25 எழுத்துகளில் ஒரு சுற்று முடியும்.

ஒரே எழுத்து 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால், எழுத்தை மட்டும் வைத்து ஆண்டைச் சொல்வது முழுமையாகாது. தமிழரின் பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுற்றிலும் இதே சிக்கல் உண்டு. ஓலையொன்றில் ஆண்டுப் பெயர் மட்டும் எழுதியிருந்தால், அது எந்தச் சுற்றைச் சேர்ந்தது என்பதை அதில் வரும் ஆள், ஊர், நிகழ்ச்சி ஆகியவற்றைக் கொண்டுதான் உறுதிசெய்ய முடியும். ரேசரில் அந்த வேலையை வடிவம் செய்கிறது. தடித்த கைப்பிடி '195' வகையில் எஃப் என்ற எழுத்தும் 2 என்ற எண்ணும் இருந்தால், அது 1960இன் இரண்டாம் காலாண்டு. ஏனெனில் அடுத்த எஃப் வரவேண்டிய 1985இல் அந்த வகையே செய்யப்படவில்லை. முத்திரையும் வடிவமும் ஒன்றுக்கொன்று சான்று கூறும் இடமே காலக்கணக்கில் நம்பத்தக்க இடம்.

பிளேடும் அதன் உறையும்

பிளேடு ரேசரைக் காட்டிலும் விரைவில் அழியும். பயன்படுத்தியபின் பென்சில் சீவவும் தையல் பிரிக்கவும் போய்ச் சேரும் பொருளை எவரும் போற்றி வைப்பதில்லை. எனினும் திறக்காத பொதிகள் கிடைக்கும்போது, அவற்றின் உறை ரேசரைவிடத் தெளிவாகக் காலம் சொல்லும்.

முதலில் பார்க்கத்தக்கது எஃகு. பழைய பிளேடுகள் கரி எஃகால் ஆனவை. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் எண்ணெய் தோய்ந்த தாளிலோ மெழுகுத் தாளிலோ அவற்றைப் பொதிந்தனர். ஜில்லெட்டின் நீலநிற 'ப்ளூ பிளேடு' 1932இல் வந்தது; மலிவான 'தின்' பிளேடு 1938இல். விளிம்பின் மேல் மெல்லிய பூச்சு பூசிய 'சூப்பர் ப்ளூ' 1960இல் வெளியானது. வாள் செய்து புகழ்பெற்ற இங்கிலாந்தின் வில்கின்சன் ஸ்வோர்ட் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் துருப்பிடிக்காத எஃகு பிளேடைப் பரவலாக விற்கத் தொடங்க, பலமுறை மழிக்க உதவிய அந்தப் பிளேடுக்கு ஈடுகொடுக்க ஜில்லெட்டும் 1963இல் துருப்பிடிக்காத எஃகுக்கு மாறியது. ஆகவே உறையில் 'ஸ்டெயின்லெஸ்' என்று அச்சிட்டிருந்தால், அது பெரும்பாலும் 1960களையோ அதற்குப் பிற்பட்ட காலத்தையோ சேர்ந்தது.

அடுத்தது விலையும் முகவரியும். பொருள் செய்தவரின் வரலாறு தெரியாதபோதும், நாட்டின் நாணயமும் அஞ்சலும் உறையில் தம் கைவரிசையைப் பதித்திருக்கும். இந்தியாவில் விற்ற பொதியில் விலை அணாவில் இருந்தால் அது 1957 ஏப்ரல் 1இல் பதின்ம நாணய முறை வருவதற்கு முந்தியதாகவே பெரும்பாலும் இருக்கும். 'நயா பைசா' என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பிற்பட்டது. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால், அது அம்முறை தொடங்கிய 1972 ஆகஸ்ட் 15க்குப் பின் அச்சானது. பிரிட்டிஷ் பொதியில் ஷில்லிங் கணக்கு இருந்தால் 1971 பிப்ரவரிக்கு முந்தியது; அமெரிக்க முகவரியில் ஐந்து இலக்க ஸிப் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தியது. கோடுகள் அடுக்கிய பட்டைக் குறியீடு உள்ள பொதி 1970களுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது. டோபாஸ், பனாமா, செவன் ஓ'கிளாக் என்று இந்தியக் கடைகளில் புழங்கிய பெயர்களின் பழைய பொதிகளைக் காலவரிசைப்படுத்த இந்த வழி மிகவும் உதவும்.

நாட்டுப் பெயரும் அரசியல் வரலாற்றைச் சுமக்கிறது. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்த ரேசர், அந்நாடு தோன்றிய 1949க்கும் ஜெர்மனி ஒன்றான 1990க்கும் இடைப்பட்டது. 'கைப்பற்றப்பட்ட ஜப்பான்' என்ற பொருள்தரும் முத்திரை, போருக்குப் பின் அமெரிக்கப் படை அந்நாட்டைத் தன் ஆளுகையில் வைத்திருந்த, 1952இல் முடிந்த காலத்தைச் சேர்ந்தது. ஜில்லெட் பெட்டியில் ஐசில்வொர்த் என்ற இடப்பெயர் இருந்தால், லண்டனின் மேற்கே அந்நிறுவனத்தின் பெருந்தொழிற்சாலை 1937இல் திறக்கப்பட்டதை நினைவிற்கொள்ள வேண்டும். ஒற்றை விளிம்பு ரேசர்களைச் செய்த அமெரிக்கன் சேஃப்டி ரேசர் நிறுவனத்தின் முகவரி புரூக்ளின் என்றிருந்தால், அது வர்ஜீனியாவுக்கு இடம்பெயர்ந்த 1950களின் நடுப்பகுதிக்கு முந்தியது.

உலோகத்தின் சாட்சி

எழுத்தே இல்லாத கருவியில் உலோகம் சாட்சி சொல்லும். நல்ல பழைய ரேசர்களின் உடல் பித்தளை; அதன்மேல் வெள்ளி, நிக்கல் அல்லது பொன் முலாம். குரோமிய முலாம் வணிக அளவில் பரவியது 1920களின் பிற்பகுதியில் என்பதால், நீலச்சாயலோடு கண்ணாடிபோல் மின்னும் முலாம் அதற்கு முந்திய வடிவத்தில் இருந்தால், பிற்காலத்தில் யாரோ புதிதாக முலாம் பூசியிருக்க வேண்டும் என்று ஐயுறலாம். முலாம் தேய்ந்த இடத்தில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை. மங்கிய சாம்பல் தெரிந்தால் துத்தநாகக் கலவை. இரண்டாம் உலகப் போரில் பித்தளை படைக்கலங்களுக்குத் தேவைப்பட்டபோது, ரேசர்களில் எஃகும் பிளாஸ்டிக்கும் இடம்பிடித்தன. காந்தத்தை அருகே கொண்டுசென்றால் பித்தளை ஒட்டாது, எஃகு ஒட்டும்; பொருளைக் கீறாமல் செய்யத்தக்க எளிய சோதனை இது. பேக்கலைட் என்னும் முதல் செயற்கைப் பிளாஸ்டிக் 1907இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பேக்கலைட்டால் ஆன பெட்டியோ கைப்பிடியோ அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் இன்றியமையாதவை. மூன்றாகப் பிரியும் ஜில்லெட் ரேசர்களின் திருகுமரை பல வகைகளுக்கும் பொதுவானது என்பதால், 1920களின் தலையில் 1940களின் கைப்பிடி பூட்டியிருப்பது அரிதன்று. தலை, அடித்தட்டு, கைப்பிடி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே காலம் கணித்து, மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பின்னரே முழுக்கருவிக்கும் வயது சொல்ல வேண்டும். இரண்டாவது, துலக்கும் ஆர்வம். புளியும் சாம்பலும் இட்டுத் தேய்க்கும் வழக்கம் பித்தளைக் குடத்துக்கு உகந்தது. மெல்லிய முலாமுக்கும் ஆழமற்ற முத்திரைக்கும் அது எமன். மிதமான சவர்க்கார நீரில் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் அழுக்கை நீக்கி, உடனே துடைத்து உலர்த்துவதே போதுமானது. பழைய பிளேடுகளைக் கையாளும்போது துருவும் கூரும் காயப்படுத்தாதபடி கவனம் வேண்டும். அவற்றைக் கொண்டு மழித்துப் பார்ப்பது கூடவே கூடாது.

விடையின் வடிவம்

இத்தடயங்களை ஒன்றுசேர்க்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு ரேசரில் 1904ஆம் ஆண்டுக் காப்புரிமை நாள் பொறித்திருக்கிறது, கைப்பிடியில் ஒற்றை வளையக் கோடு, மேல்தட்டில் இரண்டு முளைகள், திறந்த பல்வரிசை, எழுத்தோடு கூடிய தொடரெண், முலாம் தேய்ந்த இடத்தில் பித்தளையின் மஞ்சள். காப்புரிமை நாள், 1904 நவம்பருக்கு முன் இது இல்லை என்கிறது. ஒற்றைக் கோடும் எழுத்துள்ள எண்ணும், முதல் சில ஆண்டுகளையும் நீக்கிவிடுகின்றன. முளைகள் 1930க்குப் பின்னே போகவிடுவதில்லை. காப்புரிமை முடிந்த 1921க்குப் பின் மேம்பட்ட வடிவம் வந்துவிட்டதால், பழைய வடிவிலான இது பெரும்பாலும் அதற்கு முந்தியதாகவோ, அல்லது ஒரு டாலருக்கு விற்ற பிற்காலப் பதிப்பாகவோ இருக்கும். தொடரெண்ணை ஆண்டு வாரியான எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இந்த இடைவெளி மேலும் சுருங்கும். அப்போது கிடைக்கும் 'ஏறத்தாழ 1910களின் நடுப்பகுதி' என்பது போன்ற விடை, தனியோர் ஆண்டைச் சொல்லவில்லை என்பதனால் குறையுடையதன்று. சான்று செல்லும் தொலைவு வரை சென்று, அதற்கு அப்பால் செல்லாமல் நின்ற விடையே நேர்மையான விடை.

பெயர் பொறித்த மன்னர்களின் காலத்தைப் பொறுமையோடு ஆராய்ந்த அறிவுக்கு, பெயர் பொறிக்காத மனிதர் நாள்தோறும் காலையில் கையிலெடுத்த கருவியும் தகுதியான பொருளே. படைக்குப் போன இளைஞர், ஒரு டாலர் சேர்த்து வாங்கிய தொழிலாளி, அணாக்கணக்கில் பிளேடு பொதி வாங்கிய எழுத்தர் ஆகியோரின் காலம் இந்தச் சிறு பித்தளைத் துண்டில் படிந்திருக்கிறது. அதை விற்பதற்கோ எறிவதற்கோ முன் கதவுகளைத் திறந்து, தலையைத் திருப்பி, தேய்ந்த எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்து, உடன் கிடைத்த உறையையும் பெட்டியையும் பிரிக்காமல் சேர்த்துவைத்தால், அடுத்து அதைக் கையில் எடுப்பவரும் காலத்தைக் கணிக்க முடியும். உறையைக் கிழித்தெறிந்து முத்திரையைத் தேய்த்துவிட்டால், மிஞ்சுவது பளபளக்கும் உலோகம் மட்டுமே.